காடு திருத்தியோர் உறங்கும் இடம்

வெள்ளிவிழா மலர் ஒன்றில் இடுகாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். விழா என்பது வாழ்வோரின் மகிழ்ச்சி. இடுகாடோ இறந்தோரின் இருப்பிடம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, உங்கள் முன்னோர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே. கோயில் எடுத்தவனுக்குக் கல்வெட்டு உண்டு. காணி வைத்திருந்தவனுக்குப் பட்டா உண்டு. ஏர் பிடித்தவனுக்கும் காடு வெட்டியவனுக்கும் அவன் புதையுண்ட மண்மேடு ஒன்றே ஆவணம். அந்த மேடும் மழையில் கரைந்துவிடுமானால், அவன் இம்மண்ணில் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று கூற யாரும் இல்லை.

எழுத்தறிவு பெறுவது பிழைப்புக்காக மட்டுமன்று, நம் முன்னோரின் பெயர் அழியாமல் காப்பதற்காகவும் என்னும் உண்மையை, கடல் கடந்து சென்று காடு திருத்திய நம் மக்களின் இடுகாட்டு வரலாறு நன்கு காட்டுகிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாழியும் நடுகல்லும்

இறந்தோரை நினைவிற் கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. கல்லைத் தேடிக் கண்டு, நாள் பார்த்து எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையில் ஒவ்வொன்றும் முறையாகச் செய்யப்பட்டது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரும் பெருமையும் கல்லில் எழுதப்பட்டன.

அதற்கும் முற்பட்ட காலத்தவர் இறந்தோரைப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்தனர். இதற்கு நாம் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே, பண்ருட்டியை அடுத்த மருங்கூரில் அத்தகைய தாழிக்காடு ஒன்று உள்ளது. அங்கே ஈமப் பானைகளின்மேல் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2024ஆம் ஆண்டில் மருங்கூரில் அகழாய்வு மேற்கொண்டது. இறந்தோனுடன் வைத்த மண்கலத்தில் எழுத்தைக் கீறி வைத்த மக்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாவட்டத்தில் வாழ்ந்துள்ளனர். கல்லைப் போலவே சுட்ட மண்ணும் எழுத்தைக் காத்து வைத்திருக்கிறது. பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நாம் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பழம்பெருமை உடைய நாட்டிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பெருங்கூட்டம், பெயரும் கல்லும் இன்றி மண்ணில் மறைந்தது எவ்வாறு? அதனை இனிக் காண்போம்.

கண்டிச் சீமைக்குப் போன வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஆர்க்காடு, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் சேரிகளில் வாழ்ந்த நம் மக்களுள் பெரும்பாலோர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் இருந்தனர். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று அறிவித்தது. ஆனால் சட்டம் அவிழ்த்த கட்டைக் கடன் மீண்டும் கட்டியது. திருமணத்திற்கு வாங்கிய சில மரக்கால் நெல்லும் சில ரூபாயும் தந்தையின் தலையிலிருந்து மகன் தலைக்கு மாறின. குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாக இருந்தமையால், எதிர்த்துப் பேசியவன் மறுநாள் மனையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. இதற்குமேல் பஞ்சமும் அடுத்தடுத்து வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையை நம் பாட்டன்மார் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சென்றனர்.

அந்நிலையில் திறந்த ஒரே வழி கடல்வழி. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியோர் உண்டு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர் உண்டு. ஆனால் மிகப் பலர் சென்றது அண்மையில் இருந்த இலங்கைக்கே. அதனைக் கண்டிச் சீமை என்று நம்மவர் வழங்கினர். 1820களில் ஆங்கிலேயர் கம்பளையை ஒட்டிய பகுதியில் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். 1830களின் இறுதியிலிருந்து அத்தொழில் விரைந்து பெருகியது. கங்காணிகள் ஊர்தோறும் வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். அவ்வாறு சென்றோருள் பறையர், பள்ளர், அருந்ததியர் ஆகிய தாழ்த்தப்பட்ட மக்கள் பெரும் பகுதியினர்.

அன்றைய பயணம் எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் அறிதல் நன்று. ஊரிலிருந்து கால்நடையாகவே தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற கடற்கரைத் துறைகளை அடைந்தனர். அங்கிருந்து தோணிகளில் நெருக்கியடித்து ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர். அதன்பின் ஏறத்தாழ 150 மைல் தொலைவு, நீரற்ற காட்டின் வழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரையில் நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் அம்மையும் வழிநெடுகக் காத்திருந்தன. விழுந்தவனைத் தூக்கிச் செல்ல உடன் வந்தோர்க்கு வலு இல்லை. குழி தோண்டிப் புதைக்கவும் பலருக்கு இயலவில்லை. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்துக் கொழும்பு இதழ் ஒன்று மதிப்பிட்டது. அத்தொகை சற்று மிகையானது என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதுவர். தொகை எதுவாயினும், மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட அந்தப் பாதையே நம் முன்னோடிகளின் முதல் இடுகாடு. அங்கே ஒரு பெயர்ப்பலகையும் இருந்ததில்லை.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும் இருகரையிலும் இரயிலும் இணைந்த பின்னரே இந்நடைப்பயணத் துயர் முற்றிலும் ஒழிந்தது எனலாம்.

இரண்டு கல்லறைகள்

உயிர் பிழைத்து மலையேறியோர் செய்த முதல் வேலை காடழித்தல். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்துவர். உச்சியில் நின்ற மரங்களை முழுதும் வெட்டிச் சாய்த்தவுடன் அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை அடுத்தவற்றின்மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் ஒரே பேரொலியுடன் சாயும். காய்ந்தபின் தீயிட்டுக் கொளுத்துவர். பின்னர்ச் சாம்பலில் கயிறு பிடித்துக் குழி வெட்டிக் காப்பிக் கன்று நடுவர். அட்டைக்கடியும் குளிரும் காய்ச்சலும் இவ்வேலையின் உடன்பிறப்புகள். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தது. பின்னர்த் தேயிலை வந்தது. பயிர் மாறிற்று, மண்வெட்டி பிடித்த கை மாறவில்லை.

தேயிலையை முதலில் வணிகப் பயிராக வளர்த்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1852இல் இலங்கைக்கு வந்த அவர், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தம் 57ஆம் வயதில் இறந்தார். கண்டி நகரின் மஹையாவை இடுகாட்டில் அவர் கல்லறை இன்றும் உள்ளது. அவர் அத்தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று கல்லில் பொறித்து வைத்துள்ளனர். அவர் உடலை மலைத்தோட்டத்திலிருந்து கண்டிக்குச் சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளரே. பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக மாறி மாறித் தோள் கொடுத்தனர் என்பர். டெய்லர் உழைப்பாளி; தொழிலாளரிடம் அன்பு காட்டியவர் என்றும் எழுதியுள்ளனர். அவர் கல்லறையின் மீது நமக்குக் காழ்ப்பு இல்லை. அவரைச் சுமந்து சென்ற 24 பேர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பதே நம் வினா.

அவர்களுக்குரிய இடம் தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலை. பயிருக்குப் பயன்படாத பாறைச் சரிவோ ஆற்றோரமோ இடுகாடாயிற்று. வாழும்போது 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். மாண்டபின் ஆறடி மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு முழங்கும். அதே தப்பு, ஒருவர் இறந்த அன்று இழவு வீட்டின்முன் முழங்கும். உறவினர் கோடி போடுவர். பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பர். புதைத்த மேட்டின்மேல் ஒரு கல்லையோ செடியையோ நட்டு வைப்பர். நான்கு மழைக்காலம் கழிந்தால் மேடு சமமாகும், செடி காடாகும். கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் அவன் பெயர் அடிக்கப்படுவதோடு அவன் வரலாறும் முடிந்தது.

நம்மவர் சாதியை ஊரிலேயே விட்டுச் சென்றனர் என்றும் கூறுவதற்கில்லை. லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. பெரிய கங்காணியார் பெரும்பாலும் மேற்சாதியினராகவே இருந்தனர். கடன் பற்றும் துண்டுச் சீட்டும் அவர் கையில் இருந்தன. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மீறி அங்கே பள்ளிக்கூடமும் சங்கமும் கண்டவர்கள் நம் மக்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), தேயிலைச் செடியின் அடியில் அடையாளமின்றிப் புதையுண்ட அம்முன்னோரையே தம் ஆங்கிலக் கவிதையின் பாடுபொருளாகக் கொண்டார். கல்லில் எழுதப்படாத பெயருக்கு ஏடு இடம் கொடுத்தது.

இலங்கையில் மட்டுமே இவ்வாறு நேர்ந்தது என்று எண்ணற்க. இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அவ்வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காட்டிலே மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்க்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பூஞ்செடியும் புல்வெளியும் சூழ, பெயரறிந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் படைப்பிரிவும் எழுதப்பட்டுள்ளன. அதே பாதையில் அதே ஆண்டுகளில் மாண்ட தமிழர்க்கு அத்தகைய கல்லறைத் தோட்டம் எழவில்லை. 80 ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டில், காஞ்சனபுரியின் பௌத்தக் கோயில் ஒன்றில் அவர்களுக்காகத் தமிழ் நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. படைவீரனுக்குப் பட்டியல் வைத்திருந்தனர்; கூலிக்குப் பட்டியல் வைக்கவில்லை. இரு சாராருக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுவே.

சான்று கேட்ட சட்டம்

பெயர் எழுதப்படாமையால் நேரும் கேடு இறந்தோரோடு நின்றுவிடுவதில்லை. அது பேரப்பிள்ளைகளைத் தாக்கும் என்பதை 1948ஆம் ஆண்டு காட்டிற்று.

இலங்கை விடுதலை பெற்ற அவ்வாண்டில் குடியுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அத்தீவில் பிறந்தவனாயினும், தன் தந்தை அங்கே பிறந்தார் என்றோ, தந்தையின் தந்தையும் அவர்தம் தந்தையும் அங்கே பிறந்தனர் என்றோ மெய்ப்பித்தால்தான் வழிவழிக் குடிமகன் ஆகலாம் என்று அச்சட்டம் விதித்தது. நூறாண்டுக்கு மேலாகக் காடு வெட்டித் தோட்டம் அமைத்த குடும்பத்திடம் பாட்டனின் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது. பாட்டன் எங்கே என்று கேட்டால், அதோ அந்த மலைச்சரிவில் என்று கைகாட்ட முடிந்தது. ஆனால் கைகாட்டுவதைச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. கல்லறையில் பெயரில்லை, பதிவேட்டில் வரியில்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்க்கென மற்றொரு சட்டம் வந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், சில ஆண்டுகளில் வாக்குச்சீட்டே இல்லாதவராயினர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரவரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சவரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானித்தனர். 1974இல் அவ்வெஞ்சியோரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களை நெல்மூட்டை போல் எண்ணிப் பிரித்த இவ்வுடன்பாட்டில், அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். இராமேசுவரத்துக்குக் கப்பலேறியோர், பெற்றோரின் மண்மேட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தனர். திரும்பிப் போய் ஒரு விளக்கு ஏற்றவும் பலருக்கு வாய்க்கவில்லை. நாடற்றவராய் அங்கே எஞ்சியோரின் துயர் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரையில் காத்திருக்க நேர்ந்தது.

2023ஆம் ஆண்டில், முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் நடந்தே சென்றனர். ஜூலை 28இல் தொடங்கிய அந்நடை ஆகஸ்டு 12இல் நிறைவுற்றது. கல்லறை இல்லாத முன்னோர்க்கு, அவர் மாண்ட பாதையில் நடந்து செலுத்திய வணக்கம் அது.

தாய்மண்ணில் இடுகாட்டுப் பாதை

கடல் கடந்தோர் கதி இவ்வாறாக, ஊரிலேயே இருந்த நம் மக்களின் இடுகாடு எந்நிலையில் இருந்தது? அதனையும் கூறுதல் கடமை.

விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர்; விருத்தகாசி என்றும் போற்றுவர். இங்கே இறப்போரின் செவியில் இறைவனே மந்திரம் ஓத, அம்பிகை தன் சேலை முந்தானையால் விசிறி இளைப்பாற்றுவாள் என்பது தலபுராணம். மணிமுத்தாற்றில் எலும்பு கரைக்க அயலூரார் இன்றும் வருகின்றனர். சாவின்முன் யாவரும் ஒன்று என்று கூறும் இத்தலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிற் போலவே, ஊருக்கு ஒரு சுடுகாடும் சேரிக்கு ஓர் இடுகாடும் தனித்தனியே அமைந்தன. சேரியின் இடுகாடு பெரும்பாலும் ஓடைக்கரையில் இருக்கும். அதற்குப் பாதை இராது. நடவு முடிந்த வயலின் வரப்பில் பாடையைச் சுமந்து, கழுத்தளவு ஓடை நீரைக் கடந்து செல்வதை நம்மில் முதியோர் பலர் அறிவர்.

இக்கொடுமையை நீக்கச் சட்டவழியில் நிகழ்ந்த முயற்சிகளை வரிசைப்படுத்திக் காண்பது பயன்தரும். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனையும் கிணறும் தருவதோடு இடுகாடும் அதற்குப் பாதையும் அமைக்கும் பணியை மேற்கொண்டது. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்பதை நிலைநாட்டியது. 1938ஆம் ஆண்டில் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் சமூகத் தடை நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், இடுகாட்டையும் சுடுகாட்டையும் பாதையையும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என வெளிப்படையாகக் கூறிற்று. 1976இல் அது திருத்தம் பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று.

1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய 31ஆம் சட்டம் மிக இன்றியமையாதது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கான அச்சட்டம், வீட்டுமனையோடு இடுகாடு, சுடுகாடு, அவற்றுக்குச் செல்லும் பாதை ஆகியவற்றையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. 2019இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. அவ்வாண்டே சட்டமன்றம் புதுச் சட்டத்தால் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. 2021ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உச்சநீதிமன்றம் அப்புதுச் சட்டத்தை உறுதிசெய்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், இடுகாட்டைச் சமமாகப் பயன்படுத்தவிடாது தடுப்பதை வன்கொடுமை என்று வரையறுத்தது.

சட்டம் இவ்வளவு இருந்தும் நடப்பு என்ன? 2016ஆம் ஆண்டு ஜனவரியில், அன்றைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில், முதியவர் ஒருவரின் உடலைப் பொதுச்சாலை வழியே எடுத்துச் செல்ல உயர்நீதிமன்றமே ஆணையிட்டது. ஆணை பிறந்தும் உடல் வேறு வழியாகவே கொண்டு செல்லப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே செல்லத் தடை இருந்தமையால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினர். உயர்நீதிமன்றம் அதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆதிதிராவிடர்க்கெனத் தனி மயானம் அமைப்பதால் அரசே சாதியை வளர்க்கிறதோ என்றும் வினவியது. கண்டிச் சீமைப் பாதையில் குழி கிடைக்காத முன்னோனும், பாலத்திலிருந்து கயிற்றில் இறங்கிய இந்நாளைய உறவினனும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

சாதி வேறுபாடற்ற மயானம் உடைய சிற்றூர்களுக்கு 10 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அது போற்றத்தக்க நோக்கம். எல்லோர்க்கும் ஒரே மயானம் என்பதே நாம் அடைய வேண்டிய முடிவு. ஆனால் அந்நாள் வரும்வரையில் இருக்கும் இடுகாட்டைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது. பொதுமயானத்தைக் கேட்கும் உரிமையும், முன்னோர் உறங்கும் இடத்தைக் காக்கும் கடமையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

கற்றோர் செய்யத்தக்கவை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. காடு திருத்தியவனுக்கு உழைப்பு இருந்தது, உரிமை இருந்தது, எழுத்து இல்லாமையால் இரண்டும் வீணாயின. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் எழுத்து இருக்கிறது. ஆதலின் 25 ஆண்டு நிறைவெய்திய நம் கல்விக் கழகத்தின் முன் சில பணிகளை வைக்க விரும்புகின்றேன். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

முதலாவதாக, ஒவ்வோர் ஊரிலும் நம் இடுகாட்டின் புல எண் என்ன என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் கண்டறிதல் வேண்டும். பரப்பு எவ்வளவு, மயானப் புறம்போக்கு எனக் குறிக்கப்பட்டுள்ளதா, பாதை புலப்படத்தில் உள்ளதா என்பவற்றை எழுதிக்கொள்ளல் வேண்டும். வழக்கத்தில் இடுகாடாக இருந்தும் பதிவேட்டில் இல்லாத இடமே முதலில் ஆக்கிரமிப்புக்கு ஆளாகும். மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு விடுமுறைக்குள் தத்தம் ஊர்க் கணக்கை எடுத்து முடிக்கலாம். மயானங்களை அமைத்துப் பேணுவது ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கூறுகின்றது. புல எண்ணைக் குறித்து எழுதும் மனுவுக்கு உள்ள வலிமை, வாய்மொழியாகக் கூறும் முறையீட்டுக்கு இல்லை.

இரண்டாவதாக, எந்த வீட்டில் இறப்பு நேர்ந்தாலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்வித்தல் வேண்டும். பிள்ளைகளின் வாரிசுச் சான்றுக்கும் ஓய்வூதியத்துக்கும் அப்பதிவே அடிப்படை. 1948இல் மலைநாட்டில் ஒரு வரி எழுத்து இல்லாமையால் இலட்சக்கணக்கானோர் நாடிழந்தனர் என்பதை மறவாதிருப்போம்.

மூன்றாவதாக, முதியோர் நினைவில் உள்ள பெயர்களை இப்பொழுதே ஏட்டில் ஏற்றல் வேண்டும். கண்டிக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், போய்த் திரும்பாதவர், திரும்பி வந்து காணி வாங்கியவர் என ஊருக்கு நால்வராவது இருப்பர். பெயர், தந்தை பெயர், சென்ற ஊர், புதைத்த இடம் என்று நான்கு கட்டங்கள் போதும். அடுத்த பத்தாண்டுக்குள் இதனைச் செய்யாவிடில் பின்னர்ச் செய்ய இயலாது, சொல்வோர் இருக்கமாட்டார்கள்.

நான்காவதாக, நம் ஊரின் தொழிலையே இதற்குத் துணைக்கொள்ளலாம். கருங்கல்லில் பெயர் பொறிக்க எல்லோர்க்கும் வசதி இராது. ஆனால் விருத்தாசலத்துச் சூளைகளில் பீங்கானும் பொம்மையும் மின்கருவிப் பாகங்களும் நாள்தோறும் வெந்து வெளிவருகின்றன. அவற்றோடு ஒரு சாண் அளவுள்ள சுட்ட ஓட்டில் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தெடுப்பது அரிய செயலன்று, செலவும் மிகுதியன்று. மருங்கூரில் மண்கலத்தில் கீறிய எழுத்து இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்குமானால், நம் சூளையில் வெந்த எழுத்தும் நம் பேரன் காலம் வரையில் நிலைத்திருக்கும். இச்சமுதாயத்தில் பீங்கான் தொழில் பயின்ற இளைஞர் இருக்கின்றனர். அவர்கள் இதனை ஏற்றுச் செய்வார்களாக.

முன்னோரின் மண்மேட்டை மதிக்கும் சமுதாயமே தன்னையும் மதிக்கக் கற்கும். பெயரின்றிப் புதைந்தோர்க்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு, நம் காலத்தில் ஒருவரும் பெயரின்றிப் புதையாமல் பார்த்துக்கொள்வதே. அப்பணியில் நம் கழகம் பொன்விழாவுக்குள் பாதித் தொலைவேனும் கடக்கட்டும். பொன்விழா மலரில் இவ்வட்டாரத்து இடுகாடுகளின் புல எண்களும் அங்குறங்குவோரின் பெயர்களும் வரிசையாக அச்சேறட்டும்.